ஆட்டம் இயந்திரத்திலா, கூடத்திலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி உண்டு. தன் குறையை மறைக்க இடத்தின் மேல் பழி போடுகிறவரைக் கேலி செய்ய நாம் இதைச் சொல்வதுண்டு. ஆனால் சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிடுவதும் உண்டு. பலகைத் தளம் போட்ட வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது இந்தப் பழமொழி நம் நினைவுக்கு வருகிறது. துணி துவைபடும் வரை அமைதியாக இருக்கும் இயந்திரம், பிழியத் தொடங்கியதும் குலுங்குகிறது. தளம் அதிர்கிறது. அலமாரியில் அடுக்கிய பாத்திரங்கள் கிணுகிணுக்கின்றன. இயந்திரமே நின்ற இடத்தை விட்டு ஒரு சாண் நகர்ந்துவிடுகிறது. வீட்டார் இயந்திரத்தைக் குறை கூறுகிறார்கள். விற்ற கடைக்காரர் வீட்டைக் குறை கூறுகிறார். யார் சொல்வது சரி?

பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. இவ்வூரின் பெயர் 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றப்பட்டது. ஆயினும் தோட்டத்து மக்களின் பேச்சில் பழைய பெயரே இன்றும் வழங்குகிறது. இங்கும் கோலசிலாங்கூர் வட்டாரத்தின் மற்ற இடங்களிலும் கால் ஊன்றிய பலகை வீடுகள் இன்னும் இருக்கின்றன. பழைய கிராணி வீடுகள், கம்பத்து வீடுகள், கடைத்தெருவின் மாடி அறைகள் எனப் பல இடங்களில் மரத்தளத்தின் மேல்தான் குடும்பம் நடக்கிறது. அந்தத் தளம் எப்படி வந்தது, அந்த இயந்திரம் எப்படி வந்தது, இரண்டுக்கும் இடையே நம் ரப்பர் எப்படி வந்தது என்னும் மூன்று கதைகளை இன்று பார்ப்போம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதிர்வுக்கு மருந்து கிடைக்கும்.

முதலில் தளத்தின் கதை.

மலாய் மக்கள் தொன்றுதொட்டுத் தம் வீடுகளைக் கால்களின் மேல் நிறுத்திக் கட்டினார்கள். அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. நம் நாட்டில் மழை மிகுதி. சிலாங்கூர் ஆறு போன்ற ஆறுகள் கரை புரண்டால் தாழ்ந்த நிலமெல்லாம் தண்ணீர்க் காடாகிவிடும். தரையின் ஈரம், பாம்பு, பூச்சி, காட்டு விலங்கு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் உயர்ந்த தளம் காத்தது. பலகை இடுக்குகளின் வழியே கீழிருந்து காற்றும் வந்தது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு நீண்ட லயங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் பலவும் பலகைச் சுவரும் பலகைத் தளமும் கொண்டு, கால்களின் மேல் நின்றன. அந்நாளில் மலேரியா நம் தோட்டங்களைச் சூறையாடிய நோய். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், தேங்கிய நீரை வடித்து, கொசு பெருகுவதைத் தடுத்து, அந்நோயைக் குறைக்க வழி காட்டினார். ஈரத் தரையை விட்டு விலகி, காற்றோட்டமாக வாழ வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்துக் கட்டடங்களில் பதிந்திருந்தது.

பத்தாங் பெர்ஜுந்தாயை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டு, பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். ரப்பரும் செம்பனையும் மாறி மாறி வந்தன. பல தோட்டங்களில் சிமிந்தித் தரை போட்ட வீடுகளும் வந்தன. 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் வந்தது. 1990ஆம் ஆண்டில் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. ஆனாலும் பலகைத் தளம் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இங்கே ஒன்றை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அந்தத் தளத்தைக் கட்டிய தச்சர் எதைத் தாங்குவதற்காகக் கட்டினார்? மனிதர் நடக்க, பாய் விரித்துப் படுக்க, ஒரு துணிப்பெட்டி, ஓர் அரிசி மூட்டை வைக்கத்தான் கட்டினார். இந்தப் பாரமெல்லாம் வைத்த இடத்தில் சும்மா இருக்கும் பாரம். ஒரு நொடிக்குப் பத்து முறை தள்ளியும் இழுத்தும் ஆட்டுகிற பாரத்தை அவர் கனவிலும் கண்டதில்லை. எனவே தளம் ஆடுகிறது என்பதற்காக அதைக் கட்டியவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

அடுத்து இயந்திரத்தின் கதை.

தோட்டத்தில் துணி துவைப்பது எத்தகைய வேலை என்பதைப் பால் வெட்டிய குடும்பத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்பிய பெண்ணுக்கு, குழாயடியிலோ ஆற்றங்கரையிலோ துவைகல் காத்திருந்தது. மரப்பால் துணியில் காய்ந்தால் ரப்பராகவே ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு கசக்கினாலும் போகாது. ஒட்டுப்பால் நாற்றமும் எளிதில் நீங்காது. அதனால்தான் வேலைத் துணியைத் தனியே வைத்தார்கள். ஊறவைத்த துணியைக் கல்லில் அடித்து, இருவர் இரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்த காலம் அது. அடை மழை நாளில் நன்றாகப் பிழியாத துணி இரண்டு நாளானாலும் காயாது.

மேலை நாட்டுப் பெண்களுக்கும் பிழிவதே பெரும்பாடாக இருந்தது. அவர்கள் இரண்டு உருளைகளுக்கு இடையே துணியைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றிப் பிழிந்தார்கள். அதற்கு மேங்கிள் என்று பெயர். அதே பெயரைத்தான் ரப்பர்ப் பாளத்தைத் தகடாக அழுத்தும் உருளைப் பொறிக்கும் வைத்தார்கள். நம் ஸ்டோர்களிலும் சிறுதோட்டக்காரர்களின் கொட்டகைகளிலும் அந்தப் பொறி பல்லாண்டு சுழன்றது. பெயரளவில் பார்த்தால், சலவைப் பொறியின் உறவுக்காரர் ஒருவர் நம் தோட்டத்துக்கு எப்போதோ வந்துவிட்டார். வீட்டுக்கு வரத்தான் தாமதம்!

மின்சாரத்தால் ஓடும் சலவைப் பொறிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. அவை துவைத்தன, பிழிவதற்கு உருளையே இருந்தது. 1937ஆம் ஆண்டில் பெண்டிக்ஸ் என்ற பெயரில் ஒரு புதிய இயந்திரம் வந்தது. துவைப்பது, அலசுவது, சுழற்றிப் பிழிவது மூன்றையும் ஒரே தொட்டியில் தானாகவே செய்தது. முன்புறம் வட்டக் கண்ணாடிக் கதவு இருந்தது. மக்கள் அதை வியந்து பார்த்தார்கள். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. தொட்டியைத் தாங்க வில் ஏதும் அதில் இல்லை. பிழியும்போது எழும் அதிர்ச்சி நேராகத் தரைக்கு வந்தது. ஆகவே அந்த இயந்திரத்தைத் தரையோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்க வேண்டியிருந்தது. அதற்கு உறுதியான சிமிந்தித் தரையே ஏற்றது.

இன்று நம் வீட்டில் எழும் கேள்வி அன்றே எழுந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். இயந்திரம் பிறந்த நாளிலேயே அதற்குத் திடமான தரை தேவைப்பட்டது.

அதே 1937ஆம் ஆண்டில் நம் வட்டாரம் எப்படி இருந்தது? நமக்கு அருகிலுள்ள பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டப்பட்டது. 1915 முதல் 1960 வரை நடந்த அச்சுரங்கத்தின் கரி, இரயில்களை ஓட்டியது, மின்நிலையத்துக்கும் போனது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அங்கே தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கரி நம் பக்கத்து மண்ணிலிருந்து போயிற்று. அந்தக் கரியால் பட்டணத்தில் விளக்கெரிந்தது. நம் லயங்களில் பெரும்பாலானவற்றில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. மின்சாரம் இல்லாத வீட்டுக்குத் துவைக்கும் இயந்திரம் எப்படி வரும்? பின்னாளில் பல தோட்டங்களில் ஜெனரேட்டர் வைத்து மாலையில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் கொடுத்தார்கள். தேசிய மின்சார வாரியத்தின் கம்பிகள் வந்த பின்னரே, பகலிலும் இயந்திரம் ஓட்ட வழி பிறந்தது. அந்த வாரியம் 1990ஆம் ஆண்டில் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று.

இதற்கிடையே இயந்திரமும் திருந்தியது. தொட்டியை வில்களில் தொங்கவிட்டார்கள். ஆட்டத்தை அடக்க மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற அதிர்ச்சி தாங்கிகளைப் பொருத்தினார்கள். முன்கதவு இயந்திரங்களில் தொட்டியின் மேல் கனத்த சிமிந்திக் கட்டியைக் கட்டினார்கள். கனமான பொருளை எளிதில் ஆட்ட முடியாதல்லவா? இவ்வளவு செய்தபின் தரையில் திருகாணி போடும் தேவை நீங்கியது. ஆனாலும் அதிர்ச்சி முழுவதும் அடங்கிவிடவில்லை. ஒரு பங்கு கால்களின் வழியே தளத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த அதிர்ச்சி எவ்வளவு பெரியது? சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

தொட்டிக்குள் துணி ஒரே சீராகப் பரவியிருந்தால் தொல்லையில்லை. ஈரத் துணி அரைக் கிலோ ஒரு பக்கம் கூடுதலாக ஒதுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது நடு அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால், அந்த அரைக் கிலோ துணி சுமார் 28 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுக்கும். 1000 சுற்று சுற்றினால் அந்த விசை சுமார் 110 கிலோவாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. அரைக் கிலோ துணி, இரண்டு ஆள் எடையோடு தொட்டியை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கிறது. இதில் பெரும்பகுதியை வில்கள் வாங்கிக்கொள்கின்றன. மிச்சம்தான் தளத்துக்கு வருகிறது.

சிமிந்தித் தரைக்கு அந்த மிச்சம் ஒரு பொருட்டல்ல. மரத்தளத்துக்கு மட்டும் அது ஏன் பெரிதாகிறது?

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் ஒரு சிறு குழந்தைகூடப் பெரிய ஆளை உயர ஆட்டிவிடலாம். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலம் போட்டாலும் ஊஞ்சல் ஏறாது. மரத்தளத்துக்கும் அதுபோல ஒரு சொந்தத் தாளம் இருக்கிறது. ஐரோப்பியக் கட்டட விதி, நொடிக்கு 8 முறைக்குக் குறைந்த தாளமுள்ள மரத்தளத்தைத் தனியாக ஆராய வேண்டும் என்கிறது. நொடிக்கு 8 என்பது நிமிடத்துக்கு 480. பிழியும் இயந்திரம் வேகமெடுக்கும்போது இந்த எண்ணைக் கடந்துதான் போகிறது. இயந்திரத்தின் தாளமும் தளத்தின் தாளமும் ஒன்றாகும் அந்த நேரத்தில்தான் வீடே கிடுகிடுக்கிறது. வேகம் மேலும் கூடியபின் ஆட்டம் சற்றுக் குறைவதையும் நம் தாய்மார்கள் கவனித்திருப்பார்கள். காரணம் இதுதான்.

இந்தத் தாள ஒற்றுமையின் வலிமையை உலகம் ஒரு விபத்தின் வழியே தெரிந்துகொண்டது. 1831ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகில் பிராட்டன் என்ற தொங்குபாலத்தின் மேல் எழுபதுக்கு மேற்பட்ட போர்வீரர்கள் ஒரே அடியாகக் காலெடுத்து வைத்து நடந்தார்கள். பாலம் அவர்கள் நடைக்கு ஏற்ப ஆடத் தொடங்கியது. வீரர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிறிது நேரத்தில் பாலத்தின் ஒரு முனை அறுந்து, பலர் ஆற்றில் விழுந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை; காயம் பட்டவர் பலர். அதன்பின் பாலத்தைக் கடக்கும்போது படைவீரர்கள் காலடியை ஒத்து வைக்கக் கூடாது என்று கட்டளை பிறந்தது. அவர்கள் பாலத்தைப் பலப்படுத்துவதற்கு முன் தாளத்தை மாற்றினார்கள். இந்தப் பாடம் நமக்கும் உதவும்.

வேகமாகச் சுழலும் பொறியை அமைதிப்படுத்த இன்னொருவர் வேறொரு வழி கண்டார். அவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாவ் டி லாவால். 1878ஆம் ஆண்டில் பாலைச் சுழற்றி வெண்ணெய்ப் பகுதியைப் பிரிக்கும் பொறியைச் செய்தவர் அவரே. பின்னர், மிக வேகமாகச் சுழலும் நீராவிச் சக்கரத்துக்குத் தடித்த அச்சை விட்டுவிட்டு மெலிந்து வளையும் அச்சைப் பொருத்தினார். குலுங்கும் வேகத்தை விரைவாகக் கடந்துவிட்டால், சக்கரம் தானே தன் நடுவைத் தேடி அமைதியாகச் சுழலும் என்று காட்டினார். தொட்டியை வில்லில் தொங்கவிடும் இன்றைய முறையிலும் இந்த உண்மையே அடங்கியிருக்கிறது.

பால் பிரிக்கும் அந்தப் பொறியின் வழிவந்த ஒன்று நம் ரப்பர் ஆலைகளுக்கும் வந்தது. நூற்றுக்கு 30 பங்கு அளவே ரப்பர் கொண்ட மரப்பாலைச் சுழற்றி, 60 பங்கு ரப்பர் கொண்ட கெட்டிப் பாலாக்கும் பொறி அது. கையுறை செய்ய உதவும் பால் அப்படிப் பிரித்ததுதான். அந்தப் பொறியின் கிண்ணம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும். அதை யாரும் பலகைத் தளத்தில் நிறுத்தவில்லை. கெட்டியான அடித்தளத்தில் நிறுத்தினார்கள். சுழலும் பொறிக்குத் திடமான தரை வேண்டும் என்று ஆலையில் தெரிந்திருந்தது. வீட்டுக்கு இயந்திரம் வந்தபோது அந்த அறிவு கூடவே வரவில்லை.

மூன்றாவது, ரப்பரின் கதை.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றிலிருந்து முளைத்த 22 செடிகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர்க் காடுகள் அந்த வித்தின் வழிவந்தவை. ரப்பர் என்றதும் நாம் டயரை நினைக்கிறோம். ஆனால் ரப்பருக்கு இன்னொரு தொழில் உண்டு. அது அதிர்ச்சியை விழுங்கும். அழுத்தினால் நெளியும், விட்டால் பழைய நிலைக்கு வரும், இடையில் ஆட்டத்தின் ஒரு பகுதியை வெப்பமாக்கித் தணித்துவிடும்.

1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் எஞ்சினை ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்த்தியது. கார் குலுங்குவது குறைந்தது. 1966ஆம் ஆண்டில் இலண்டனில், சுரங்க இரயில் நிலையத்துக்கு மேலே ஆல்பனி கோர்ட் என்னும் அடுக்குமாடி வீட்டை ரப்பர்த் தாங்கிகளின் மேல் கட்டினார்கள். கீழே இரயில் ஓடினாலும் மேலே அதிர்வு ஏறவில்லை. 1985ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்தை, நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக, 98 ரப்பர்த் தாங்கிகளின் மேல் நிறுத்தினார்கள். அதற்கான இயற்கை ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டது இங்கிலாந்தில் இயங்கிய மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கம். 2014ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாவது பாலமும் இயற்கை ரப்பர்த் தாங்கிகளின் மேல் நிற்கிறது.

அந்த ஆய்வுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியான ரப்பரின் மேல் ஆய்வுக்கென்று வசூலித்த தீர்வையிலிருந்து வந்தது. அந்த ரப்பர் மங்கில் சொட்டியது யார் வெட்டிய மரத்திலிருந்து? நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் வெட்டிய மரத்திலிருந்துதான். உலகத்தின் பாலங்களையும் மாளிகைகளையும் அசையாமல் காக்கும் அறிவுக்கு, தோட்டத்து உழைப்பே முதலாக நின்றது. அந்த அறிவில் ஒரு துளியேனும் தோட்டத்து வீட்டின் பலகைத் தளத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதே இன்றைய உரையின் நோக்கம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ரப்பரை வாங்கி இயந்திரத்தின் காலடியில் திணித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மேலே சொன்ன கட்டடங்களில் ரப்பருக்குக் கீழே திடமான அடித்தளம் இருந்தது. கீழே நெகிழும் பலகை, அதற்கு மேல் நெகிழும் தடித்த மெத்தை என்று வைத்தால், இயந்திரம் தொட்டில்போல இன்னும் அதிகமாக ஆடும். ஆகவே முதலில் தாளத்தைத் திருத்த வேண்டும். பிறகு தளத்தைத் திடப்படுத்த வேண்டும். கடைசியில்தான் ரப்பர். இந்த வரிசை முக்கியம்.

தாளத்தைத் திருத்துவது காசில்லாத வேலை. கனத்த போர்வை ஒன்றை மட்டும் தனியாகப் போடாதீர்கள். அது ஒரு பக்கம் உருண்டு குவிந்துகொள்ளும். பெரிய துணியோடு சிறிய துணிகளையும் கலந்து போடுங்கள். இரட்டைத் தொட்டி இயந்திரமாக இருந்தால், பிழியும் தொட்டியில் துணியைச் சுற்றிலும் சமமாக அடுக்கி, மேலே அதற்குரிய வட்டத் தகட்டை அழுத்தி வையுங்கள். வேகத்தைக் குறைக்கும் விசை இருந்தால் குறைந்த வேகத்தில் பிழியுங்கள். துணி காயச் சற்று நேரம் கூடும், வீடு தப்பும்.

புதிதாக வாங்கிய முன்கதவு இயந்திரமானால், பின்புறத்தில் நீண்ட திருகாணிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வண்டியில் ஏற்றி வரும்போது தொட்டி ஆடாமலிருக்க அவற்றை முடுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் வில்கள் வேலை செய்யா. 1937ஆம் ஆண்டின் இயந்திரத்தைப்போல அது நேராகத் தளத்தைத் தாக்கும்.

பிறகு நான்கு கால்களையும் பாருங்கள். இயந்திரத்தின் எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்தினால் அது தத்தக்கூடாது. தத்தினால் காலைத் திருகி உயரத்தைச் சரிசெய்து, பூட்டு மரையை முடுக்குங்கள். ரசமட்டம் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்து இடம். பலகைகளுக்கு அடியில் குறுக்கே சட்டங்கள் ஓடுகின்றன. பலகையில் ஆணி வரிசை தெரியும் இடமே சட்டம் இருக்கும் இடம். அறையின் நடுவில் தளம் அதிகமாக நெகிழும். சுவரோரத்தில், தூண் நிற்கும் மூலையில் நெகிழ்ச்சி குறைவு. எனவே இயந்திரத்தை மூலைக்கு நகர்த்தி, கால்கள் சட்டங்களின் மேல் வரும்படி வையுங்கள். ஆனால் சுவரில் முட்டவிடாதீர்கள். முட்டினால் சுவரும் சேர்ந்து அதிரும். முக்கால் அங்குலக் கனமுள்ள ஒட்டுப்பலகை ஒன்றை, குறைந்தது மூன்று சட்டங்களை மூடும் அளவில் விரித்து, சட்டங்களோடு சேர்த்துத் திருகாணி போட்டால், பாரம் ஓரிடத்தில் விழாமல் பரவும். ஆடுகிற பழைய பலகைகளுக்கும் ஆணியைவிடத் திருகாணியே நல்லது. ஆணி நாளடைவில் அதிர்வில் மேலே எழும்பிவிடும்.

இவ்வளவும் போதாதபோது அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இங்கே ஓர் அழகான கணக்கு இருக்கிறது. ஒரு சட்டத்தின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. அதாவது, இரு தூண்களுக்கு நடுவே இன்னொரு முட்டுக்கால் நிறுத்தினாலே தளம் பல மடங்கு திடமாகிவிடும். அந்தக் காலை வெறும் மண்ணில் நிறுத்தக் கூடாது. மழையில் மண் இளகினால் கால் இறங்கிவிடும். சிமிந்திக் கட்டையின் மேல் நிறுத்தி, இறுக்கமாகப் பொருத்த வேண்டும். தளத்தையே மேலே தூக்கும் அளவுக்கு ஆப்பு அடிக்கவும் கூடாது. இது தச்சுவேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. அவர் அடியில் போகும்போது கறையான் அரித்த இடமும் ஈரத்தில் மக்கிய இடமும் உண்டா என்று ஒரு கூர்மையான கம்பியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மக்கிய சட்டத்துக்கு எந்த ரப்பரும் மருந்தாகாது.

இத்தனைக்கும் பிறகு ரப்பரை வையுங்கள். அரை அங்குலக் கனமுள்ள கெட்டி ரப்பர்த் தகட்டில் ஒரே அளவான நான்கு துண்டுகள் போதும். அவை கால் வழுக்குவதைத் தடுக்கும், ஓசையைத் தணிக்கும்.

வீட்டின் பின்புறம் சிமிந்தித் தரை போட்ட சமையற்கட்டு இருந்தால், இயந்திரத்தை அங்கே கொண்டுபோய்விடுவதே எல்லாவற்றிலும் சிறந்த வழி. எங்கே வைத்தாலும் மின்கம்பியின் மண் இணைப்புச் சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். ஈரமும் அதிர்வும் சேர்ந்த இடத்தில் கம்பித் தோல் உரிவது எளிது; மின்சாரம் யாரையும் மன்னிப்பதில்லை.

லயத்து வீடுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. பல குடும்பங்களுக்கு ஒரே உத்திரம். ஒரு வீட்டில் இயந்திரம் ஓடினால் மூன்றாம் வீட்டுத் தொட்டிலில் குழந்தை விழித்துக்கொள்கிறது. “அக்கா, பிள்ளை இப்போதுதான் தூங்கினான்” என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து நிற்கும்போது அதைச் சண்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டங்கள் சேர்ந்திருப்பதால் சத்தமும் சேர்ந்தே போகிறது. நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வீடு தோட்ட நிர்வாகத்துக்கு உரியது என்றால், முட்டுக்கால் நிறுத்தவோ சட்டத்தை மாற்றவோ முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். 1990ஆம் ஆண்டின் சட்டப்படி, முதலாளி கொடுக்கும் வீட்டை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைப்பது முதலாளியின் கடமை. அனுமதியில்லாமல் கட்டடத்தை மாற்றுவதையும் அச்சட்டம் ஏற்பதில்லை. ஆடும் தளத்தைப் பற்றி எழுதிக் கொடுப்பது சலுகை கேட்பது ஆகாது. நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

துணி துவைக்கும் இயந்திரம் ஆடம்பரப் பொருள் என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். துவைகல்லின் முன் குனிந்து தேய்ந்த முதுகுகளை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அது ஒரு தாய்க்கு நாளொன்றுக்குச் சில மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த நேரத்தில் அவர் பிள்ளையின் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம், சற்றுக் கண்ணயரலாம். தளம் அதிர்கிறது என்று பயந்து இயந்திரத்தை மூலையில் மூடி வைத்துவிட்டு மீண்டும் கல்லுக்குப் போகும் நிலை வரக்கூடாது.

பழமொழியைச் சொன்னவர் ஆடுபவளைக் கேலி செய்தார். நாம் சொல்வது, ஆட்டத்தையும் பார்க்க வேண்டும், கூடத்தையும் பார்க்க வேண்டும் என்பதே. துணியைச் சமமாகப் பரப்புவது வீட்டாரின் கையில் இருக்கிறது. தளத்தைத் திடமாக வைத்திருப்பது வீட்டுக்கு உரியவரின் கையில் இருக்கிறது. இரண்டும் ஒழுங்கானால், நம்மவர் வெட்டிய பாலிலிருந்து வந்த நான்கு சிறு ரப்பர்த் துண்டுகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.